நாமினி என்றால் சொந்தக்காரரா? கொரோனா காலம் அவிழ்த்துக் காட்டிய பண, சட்டச் சிக்கல்கள்

வங்கி ஆப்பைத் திறந்தால் 'நாமினி விவரத்தைப் புதுப்பிக்கவும்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. பலரும் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவிட்டுப் போகிறார்கள். வங்கிச் சட்டங்கள் (திருத்தம்) சட்டத்தின்படி 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். அதுவரை ஒருவரைத்தான் போட முடியும். ஒருவர் மட்டும் என்றால் என்ன ஆகும் என்பதை 2021-ம் ஆண்டின் இரண்டாவது அலையில் பல குடும்பங்கள் பார்த்துவிட்டன. கணவர் கணக்கில் மனைவி நாமினி, மனைவி கணக்கில் கணவர் நாமினி. சில நாள் இடைவெளியில் இருவருமே இல்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் அரசும் ரிசர்வ் வங்கியும் நீதிமன்றங்களும் நிறைய சலுகைகளை அறிவித்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தந்தது அவகாசம்தான், பணம் அல்ல. பணம் உண்மையில் இருந்த இடங்களில், அதை வாங்கச் சரியான காகிதம் தேவைப்பட்டது.

இதைப் புரிந்துகொள்ள, திருச்சி தென்னூரில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் ஊருக்குப் பழக்கமான கணக்கு. அப்பாவுக்கு 52 வயது, துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மா வீட்டில். மகள் சென்னையில் ஐ.டி. வேலை, மகன் கல்லூரியில். அப்பாவைப் பெற்ற பாட்டியும் கூடவே இருக்கிறார். வீட்டுக் கடன், நகைக் கடன், பி.எஃப்., ஒரு எஃப்.டி., கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட் இருக்கின்றன.

இ.எம்.ஐ. தள்ளிவைப்பு: யாருக்கு லாபம்?

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, மார்ச் முதல் மே வரை மூன்று மாதத் தவணையைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. தென்னூர் உழவர் சந்தையில் 'ஆறு மாசம் இ.எம்.ஐ. கிடையாதாம்' என்று பேசிக்கொண்டவர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு வரி உண்டு. தள்ளிவைத்த காலத்துக்கும் வட்டி ஓடும்.

பாரத ஸ்டேட் வங்கியே அப்போது ஒரு கணக்கு வெளியிட்டது. 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், இன்னும் 15 வருடம் பாக்கி. மூன்று மாதத் தவணையைத் தள்ளிப்போட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டிய வட்டி சுமார் 2.34 லட்சம். அதாவது எட்டு இ.எம்.ஐ.க்குச் சமம். சம்பளம் நின்றுபோனவருக்கு வேறு வழியில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தும் 'சும்மா கிடைக்குதே' என்று தள்ளிப்போட்டவர்களுக்குத்தான் உண்மையான நஷ்டம்.

வட்டிக்கு வட்டி போடுவது நியாயமா என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருப்பித் தர மத்திய அரசு 2020 அக்டோபரில் திட்டம் அறிவித்தது. 2021 மார்ச் 23 அன்று வந்த தீர்ப்பு, வட்டிக்கு வட்டி யாரிடமும் வசூலிக்கக் கூடாது என்று 2 கோடி வரம்பையும் நீக்கியது. அதே தீர்ப்பு, வட்டியை முழுதாகத் தள்ளுபடி செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டது.

செய்தியாகப் பார்த்தால் பெரிய வெற்றி. ரூபாயில் பார்ப்போமா? 30 லட்சத்துக்கு 8 சதவீத வட்டியில் ஆறு மாதத் தனி வட்டி 1,20,000 ரூபாய். மாதாமாதம் கூட்டிப் போட்டால் சுமார் 1,22,000. ஆக, திரும்பக் கிடைத்தது ஏறக்குறைய 2,000 ரூபாய். மீதி 1,20,000 அப்படியே கடன்காரர் தலையில்தான்.

இன்னொரு குழப்பமும் நடந்தது. வழக்கு தொடுப்பதற்கான காலக்கெடுவை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து நீட்டித்தது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்கள் கணக்கில் வராது. இது மனு, மேல்முறையீடு போன்றவற்றைத் தாக்கல் செய்வதற்கான கெடு. கடன் தவணைக்கோ வாடகைக்கோ இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றியது 'எல்லா கெடுவும் நீட்டிப்பு' என்றுதான்.

நகையும் பி.எஃப்.பும்

காந்தி மார்க்கெட் வியாபாரம் ஜி கார்னர் மைதானத்துக்கு மாறிய அந்த மாதங்களில், அவசரத்துக்குக் கைகொடுத்தது பீரோவில் இருந்த நகைதான். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வங்கிகளின் நகைக் கடன் வரம்பை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக உயர்த்தியது. 2021 மார்ச் 31 வரைதான் இந்தச் சலுகை. தங்கம் உச்சத்தில் இருந்த நேரம் அது. 2021 மார்ச்சுக்குள் விலை சுமார் ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. 100 ரூபாய் நகைக்கு 90 ரூபாய் கடன் வாங்கியவரின் நகை மதிப்பு இப்போது 80. வித்தியாசத்தைக் கட்டு, இல்லாவிட்டால் ஏலம் என்று நோட்டீஸ் வரக்கூடிய நிலை. கடன் அதிகம் கிடைப்பதையே சலுகை என்று எடுத்துக்கொண்டதன் விலை இது.

பி.எஃப்.பில் இருப்பின் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், இரண்டில் எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத முன்பணமாக எடுக்கலாம் என்றார்கள். 2021-ல் இரண்டாம் முறையும் அனுமதித்தார்கள். 2024 ஜூனில் இந்த வசதி நிறுத்தப்பட்டது. கையில் ரேஷன் கார்டு நிவாரணத்தைத் தவிர ஒன்றும் இல்லாதவர்களுக்கு இது பேருதவி. மற்றவர்களுக்கு, சொந்த ஓய்வுக்காலப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்த கதை.

2021 மே: காகிதங்களின் மாதம்

இரண்டாவது அலை. நம் கற்பனைக் குடும்பத்தின் அப்பா, புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இனிதான் நாமினி கேள்வி வருகிறது.

எஃப்.டி.யில் 8 லட்சம், நாமினி அம்மா. வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்துவிடும். அதோடு வங்கியின் பொறுப்பு முடிந்தது. ஆனால் பணம் முழுதும் அம்மாவுக்குச் சொந்தமா? இல்லை. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான். இதை உச்ச நீதிமன்றம் 1983-ல் காப்பீடு தொடர்பான சர்பதி தேவி வழக்கில் சொன்னது. பங்குகள் தொடர்பாக 2023 டிசம்பரில் சக்தி எஸ்தானி வழக்கிலும் அதையே சொன்னது.

உயில் இல்லாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. ஆக அந்த 8 லட்சத்தில் அம்மாவுக்கு 2, மகளுக்கு 2, மகனுக்கு 2, பாட்டிக்கு 2. பாட்டியின் பங்கைப் பலர் மறந்தே போகிறார்கள். பாட்டியின் மற்ற பிள்ளைகள் மறப்பதில்லை! (இறந்தவரின் தந்தைக்கு இந்த முதல் வரிசையில் இடமில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.) முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு. நாமினி மட்டும் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்ற அடிப்படை ஒன்றுதான்.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. 2015-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவர் நாமினியாக இருந்தால் அந்தத் தொகை அவருக்கே உரியது.

பி.எஃப். கதை இன்னும் விசித்திரம். அப்பா 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது, குடும்பம் இல்லை என்று தம்பி பெயரைப் போட்டிருக்கிறார். கல்யாணம் ஆனதும் அந்த நாமினேஷன் தானாகவே செல்லாததாகிவிடும். புதிதாகப் போட வேண்டும். வேலை மாறிக்கொண்டே இருக்கும் 20, 30 வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். யு.ஏ.என். போர்ட்டலில் இ-நாமினேஷன் போட சில நிமிடம் போதும்.

அதே பி.எஃப்.போடு சேர்ந்து இ.டி.எல்.ஐ. என்றொரு காப்பீடு இருக்கிறது. ஊழியர் இதற்கு ஒரு பைசா கட்டுவதில்லை, நிறுவனம்தான் கட்டும். வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். 2021 ஏப்ரலில்தான் இந்த உச்சவரம்பு 6 லட்சத்திலிருந்து உயர்ந்தது. சம்பளச் சீட்டில் பிடித்தம் இல்லாததால் அப்படி ஒன்று இருப்பதே குடும்பத்துக்குத் தெரிவதில்லை.

அதேபோல பாஸ்புக்கை எடுத்து மே மாதக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அப்போது 330 ரூபாய் (இப்போது 436) கழிந்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 12 ரூபாய் (இப்போது 20) கழிந்திருந்தால் அது சுரக்‌ஷா காப்பீடு, விபத்துக்கு மட்டும். கொரோனா மரணத்துக்கு முதலாவது பொருந்தும், இரண்டாவது பொருந்தாது.

இறப்புச் சான்றிதழில் இல்லாத வார்த்தை

கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் தர வழிகாட்டுதல் வகுக்கும்படி 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்படி 50,000 ரூபாய் என்று முடிவானது. கேட்கப் போனால் முதல் தடை: 'கொரோனான்னு எங்க போட்டிருக்கு?' இறப்புச் சான்றிதழ் வேறு, இறப்புக்கான காரணத்தைச் சொல்லும் மருத்துவச் சான்று வேறு. சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி நிவாரணத்தை மறுக்கக் கூடாது என்று 2021 அக்டோபர் 4 அன்று நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. பரிசோதனையில் தொற்று உறுதியான 30 நாளுக்குள் இறந்திருந்தாலும் கணக்கில் வரும். பிரச்சினை என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

இதில் ஒரு நல்ல மாற்றம் பிறகு வந்தது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-ல் வந்த திருத்தப்படி, மருத்துவமனை அந்தக் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். கேட்டு வாங்க வேண்டியது நம் பக்கம்.

பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் டெபாசிட், ஒருவரை இழந்தால் 3 லட்சம் என்று தமிழ்நாடு அரசு 2021 மே மாதம் அறிவித்த உதவி, நேரடியாகப் பணம் தந்த சில திட்டங்களில் ஒன்று.

இறந்தவரின் கார்டில் பணம் எடுக்கலாமா?

எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பின் நம்பர் தெரியும், மருத்துவமனை பில், காரியச் செலவு இருக்கிறது, ஏ.டி.எம்.மில் போய் எடுத்துவிடுகிறார்கள். கணக்குதாரர் இறந்தபின் அவர் கார்டையோ யு.பி.ஐ.யையோ வேறொருவர் பயன்படுத்த உரிமை இல்லை. இன்னொரு வாரிசு பிறகு ஸ்டேட்மென்ட் எடுத்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும். கணக்கு 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற வகையில் கூட்டாக இருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

கடன் விஷயத்திலும் பயமுறுத்தல் நிறைய நடக்கும். அப்பாவின் கிரெடிட் கார்டு பாக்கியை மகள் தன் சம்பளத்தில் கட்ட வேண்டியதில்லை. அப்பா விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைதான் வாரிசுகளின் பொறுப்பு. வீட்டுக் கடனில் மகள் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதையே வேறு, அது அவர் கடன். வங்கியிலிருந்து அழைப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, கடனோடு காப்பீடு ஏதும் எடுக்கப்பட்டிருந்ததா என்பது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

இறந்த வாடிக்கையாளர் கணக்குகளைத் தீர்ப்பது பற்றி 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புதிய விதிகள் வெளியிட்டது. 2026 மார்ச் 31-க்குள் வங்கிகள் நடைமுறைப்படுத்த வேண்டும். எல்லா ஆவணமும் கொடுத்த 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும். வங்கியால் தாமதமானால் இழப்பீடு தர வேண்டும். நாமினி இருந்தால் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழைக் கேட்கக் கூடாது. நாமினி இல்லாவிட்டாலும் வணிக வங்கியில் 15 லட்சம், கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை எளிய நடைமுறைதான்.

இங்கே இரண்டு சான்றிதழைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். வட்டாட்சியர் தருவது வாரிசுச் சான்றிதழ். யார் யார் வாரிசு என்று சொல்வது, இ-சேவை மூலம் விண்ணப்பிக்கலாம். வாரிசுரிமைச் சான்றிதழ் சிவில் நீதிமன்றம் தருவது, கட்டணமும் காலமும் அதிகம். தகராறு இல்லாத குடும்பத்துக்கு, சிறிய தொகைக்கு, முதலாவதே பெரும்பாலும் போதும்.

நான்கு நாமினி போடும்போது ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரிக்கலாம், அல்லது ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசை வைக்கலாம். லாக்கருக்கு வரிசை மட்டுமே. ஆனால் எத்தனை நாமினி போட்டாலும் சொத்து யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது உயில்தான். உயிலுக்கு முத்திரைத் தாளோ பதிவோ கட்டாயம் இல்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். பயன்பெறுபவரையே சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது.

கொரோனாவில் போனவர்களின் கணக்குகளில் இன்னும் கேட்கப்படாத பணம் இருக்கலாம். பத்து வருடம் அசையாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். 2021-ல் கடைசியாக இயங்கிய சேமிப்புக் கணக்குக்கு 2031 வரை நேரம் இருக்கிறது. அதன் பிறகும் வாரிசுகள் வங்கியிடமே கேட்டு வாங்கலாம். பத்து வருடம் தாண்டிய பழைய கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேட 2023-ல் தொடங்கப்பட்ட உத்கம் இணையதளத்தில் பெயரும் பான் எண் அல்லது பிறந்த தேதியும் போட்டால் போதும். அதைவிடப் புதியவற்றுக்கு, அப்பாவின் பழைய பாஸ்புக்குகள்தான் தேடுபொறி.