கிராஅத் பட்டியலை மாற்றும்போது கவனம்



2020 டிசம்பரில் கூகுள் பிளே மியூசிக் மூடப்பட்டது. விங்க் மியூசிக்கை மூடுவதாக 2024 ஆகஸ்டில் ஏர்டெல் அறிவித்தது. நாம் சேர்த்துவைத்த கிராஅத்துகளும் நாகூர் ஹனிபாவின் பாடல்களும் இவ்வாறு அடிக்கடி வேறு செயலிக்குக் குடிபெயர வேண்டியுள்ளது.

பட்டியலை மாற்றித் தரும் கருவிகள் ஒலியைச் சுமந்து செல்வதில்லை. தலைப்பையும் பெயரையும் கொண்டு, புதிய இடத்தில் பொருந்துவதைத் தேடி வைக்கின்றன. யாஸீன் சூராவை ஓதிப் பதிந்த காரிகளோ ஏராளம். நிதானமாக ஓதும் ஷைகு அல்ஹுஸரீயின் இடத்தில் விரைந்து ஓதும் வேறொருவர் வந்துவிடலாம்; கிடைக்காதவை விடுபட்டும் போகலாம்.

காரிமங்கலம் போன்ற ஊர்களில் மதரஸா விட்டு வீடு திரும்பும் பிள்ளை, கைப்பேசியில் கேட்டே பாடத்தை உறுதிப்படுத்துகிறான். ஓதுபவர் மாறினால், நிறுத்தும் இடமும் நீட்டும் அளவும் அவன் காதில் குழம்பும். ஆகவே பழைய கணக்கை அழிக்குமுன் பட்டியலைத் தாளில் எழுதிக்கொள்வோம். புதியதை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்ப்போம். இதைக் கருவியிடம் விட்டுவிடுவது பெற்றோருக்கு அழகன்று.

செயலி மூடப்பட்டாலும் மனனம் நம்மிடம் இருக்கும். ஆயினும் பேணாவிடில், கட்டிவைத்த ஒட்டகத்தைவிட விரைவாகக் குர்ஆன் நழுவிவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எனவே சுப்ஹுக்குப் பின் ஒரு பக்கமேனும் பிள்ளைகளோடு அமர்ந்து ஓதுவோம். அல்லாஹ் தன் வேதத்தை அவர்கள் உள்ளங்களில் நிலைக்கச் செய்வானாக, ஆமீன்.