ஓடிப்போகிறார்கள் என்று சொல்லாதீர்கள்

சர்வதீர்த்தக் குளத்துப் படியில் காலை நடை முடிந்து உட்கார்ந்தால் இப்போது இதே பேச்சுதான்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை சார். எம்.டி., எம்.எஸ். இடம் கிடைத்தும் பாதியில் விட்டுவிட்டு வருகிறார்கள்."

கணக்கைப் பார்ப்போம். ரெசிடென்ட் டாக்டருக்கு சாதாரணமாக நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. முப்பது வருடத்தில் நாம் முன்னேறிய லட்சணம் இது! அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் மருத்துவர், இரவுப் பணிக்கு நடுவே கருத்தரங்குக் கூடத்தில் கண்ணயர்ந்தவர்.

ஐந்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதுநிலை மாணவர்கள் விலகியதாக ஆணையமே தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் தந்திருக்கிறது. விலகினால் பல மாநிலங்களில் லட்சக்கணக்கில் அபராதம். அதையும் கட்டிவிட்டுப் போகிறவனைச் சோம்பேறி என்பதா?

கண் சொருகும்போது நம் ஊர் நெசவாளி யாராவது கோர்வைப் புடவையில் கை வைப்பாரா? பட்டு பாழாகும் என்று தறியை விட்டு எழுந்துவிடுவார். ராத்திரி முழுக்கத் தூங்காத பையனிடம் ஊசிக்கு நாம் கையை நீட்டுகிறோம்.

"நாங்களும்தான் கஷ்டப்பட்டோம்" என்பது பதில் ஆகாது. கூடுதல் ஆள் போடச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கட்டிலில் படுக்கப்போவது நாம்தான் சார்.