சத்தம் எதோடு சேர்ந்து ஏறுகிறது?

கம்பெனி கொடுத்த செட்டைக் கழற்றிவிட்டுப் புது ஸ்டீரியோ, டிக்கியில் ஆம்ப்ளிஃபையர், பக்கத்திலேயே ஊஃபர் என்று ஆசை ஆசையாக மாட்டியவர்கள் கொஞ்ச நாள் கழித்துச் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றேதான். பாட்டு அருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பின்னணியில் ‘ஊய்ங்’ என்று ஓர் இரைச்சல். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது.

நெய்வேலியில் வண்டி ஓட்டுபவர்களை இது கூடுதலாகவே வதைக்கும். டவுன்ஷிப் வட்டங்களுக்குள் மரநிழல் விழும் அகலமான சாலைகள். வேகமும் முப்பது, நாற்பதைத் தாண்டாது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது. ஆர்ச் கேட்டைத் தாண்டிப் பண்ருட்டி சாலையில் ஏறிவிட்டால் காற்றும் டயரும் போடுகிற சத்தத்தில் அந்த இரைச்சல் அமுங்கிவிடும். வட்டத்துக்குள் திரும்பியதும் மறுபடி கேட்கும். வயலின்கள் எல்லாம் ஓய்ந்து புல்லாங்குழல் மட்டும் மிஞ்சுகிற இடத்தில் அது குறுக்கே வந்து நின்றால் பாட்டே கெட்டுப்போகிறது. நாம் காசு கொடுத்து வாங்கியது அந்த அமைதியையும் சேர்த்துத்தான்.

புகாரோடு கடைக்குப் போனால் பல இடங்களில் கிடைக்கும் பதில், “ஒரு நாய்ஸ் ஃபில்டர் போட்டுடலாம் சார்.” சிறிய டப்பா ஒன்றை ஒயருக்கு நடுவே செருகிவிடுவார்கள். சில வண்டிகளில் இரைச்சல் குறையும். ஆனால் மலிவான ஃபில்டருக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் கனமான பேஸைத் தாங்காது. இரைச்சலோடு தவிலின் அடியும் மெலிந்துவிடும். எங்கள் வட்டத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பு வேலை பார்க்கிறவர். தன் காருக்கு ஃபில்டர் சிபாரிசு செய்யப்பட்டபோது அவர் சொன்னதை மறக்க முடியவில்லை: “பெல்ட்டுல ஒரு ரோலர் கத்துச்சுன்னா காதுல பஞ்சை வச்சுக்கிட்டா வேலை பாப்போம்? எந்த ரோலர்னு கூடவே நடந்து போய்க் கண்டுபிடிச்சு மாத்துவோம்ல?”

இதுதான் சரியான வழி. எந்த இரைச்சலும் தானாக வராது. ஏதாவது ஒன்றோடு சேர்ந்துதான் ஏறும், இறங்கும், வரும், போகும். அது எதோடு சேர்ந்து ஏறுகிறது என்று முதலில் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

என்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறினால் அது ஆல்டர்நேட்டரின் குரல். நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம் அனல்மின் நிலையத்து ஜெனரேட்டர் தருவது மும்முனை மாறுமின்சாரம். காரின் ஆல்டர்நேட்டர் தருவதும் அதுவே. நிலையத்தில் ரோட்டரை நிமிடத்துக்கு 3000 சுற்றிலேயே பிடித்து நிறுத்துகிறார்கள். அதனால் 50 ஹெர்ட்ஸ் அசையாமல் நிற்கிறது. காரிலோ என்ஜின் வேகம் நம் காலுக்குக் கட்டுப்பட்டது. ஆறு டயோடுகள் அந்த மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும்போது மேலே சிறு சிற்றலை மிஞ்சும். என்ஜின் ஐடிலில் 800 சுற்று, பெல்ட் விகிதம் இரண்டரை என்றால் ஆல்டர்நேட்டர் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும். வழக்கமான 12 துருவ ஆல்டர்நேட்டரில் அந்தச் சிற்றலை 1200 ஹெர்ட்ஸ். என்ஜினை 2000 சுற்றுக்கு ஏற்றினால் அது 3000 ஹெர்ட்ஸ் ஆகிறது. இரண்டுமே மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் வருகிறவை.

இந்தச் சிற்றலை எல்லாக் கார்களிலும் உண்டு. அது ஸ்பீக்கருக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் வாசல் பாடி எர்த்துதான். ஸ்டீரியோவுக்கு டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓர் எர்த். ஆம்ப்புக்கு டிக்கியில் இன்னோர் எர்த். இரண்டையும் இணைத்துக்கொண்டு, பாட்டைச் சுமக்கும் ஆர்சிஏ ஒயர் ஓடுகிறது. அதன் மேலுறையும் ஓர் எர்த் பாதையே. டிக்கி எர்த் சரியாகப் பிடிக்காவிட்டால் அங்கே போக வேண்டிய மின்னோட்டத்தில் கொஞ்சம் ஆர்சிஏ மேலுறை வழியாகத் திரும்பப் பார்க்கும். கூடவே அந்தச் சிற்றலையும் போகும். ஆம்ப்புக்குப் பாட்டு எது, சிற்றலை எது என்று தெரியாது. வந்ததையெல்லாம் பெருக்கிக் கொடுத்துவிடும்.

நண்பரின் காரை மந்தாரக்குப்பத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம். இளைஞர். எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை. முதலில் என்ஜினை அணைத்துவிட்டு செட்டை மட்டும் ஓடவிட்டார், இரைச்சல் இல்லை. என்ஜினை ஓடவிட்டார், வந்தது. வால்யூமைக் குறைத்தார், பாட்டு அடங்கியது, இரைச்சல் அப்படியே நின்றது. “செட்டுக்குப் பின்னாடிதான் சார் ஏறுது” என்றார். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்பே, அதாவது ஆன்டெனா, ஆக்ஸ், போன் பக்கத்திலேயே, நுழைந்துவிட்டது என்று பொருள். வால்யூமுக்குக் கட்டுப்படாவிட்டால் அதற்குப் பிறகு.

அடுத்து ஆம்ப்பிலிருந்து ஆர்சிஏ ஒயர்களைப் பிடுங்கினார். அந்த இடத்தில், நடுமுனையும் மேலுறையும் ஒன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்த இரண்டு பழைய பின்களைச் செருகினார். அவராகச் செய்துகொண்டவை. ஸ்பீக்கர் அமைதியாகிவிட்டது. ஆகவே ஆம்ப்புக்குள் கோளாறு இல்லை. ஆர்சிஏவைத் திரும்ப மாட்டி, பாட்டைச் சத்தமாக வைக்கச் சொல்லி, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்ப்பின் எர்த் முனையிலும் மறுமுனையை நீளமான ஒயர் வழியாக பேட்டரி நெகட்டிவிலும் வைத்தார். அரை வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. “பத்துல ஒரு வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது சார்.”

டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், பாடியில் பெயின்ட் மேலேயே ஒரு ஸ்க்ரூவை முறுக்கி அதில் எர்த் ஒயரைச் சுற்றிவிட்டிருந்தார்கள். ஸ்க்ரூவின் மரைகள் தொட்ட இடம் மட்டும்தான் இரும்பு. சுற்றிலும் பழுப்பு நிறத்தில் துரு ஒரு வளையம் போட்டிருந்தது. கடலூர் உப்புக்காற்றுக்கும் நம் ஊர்த் தூசிக்கும் நடுவே ஓடுகிற வண்டியில் இது எதிர்பார்க்க வேண்டியதே. தகடும் ஸ்க்ரூவும் சேருமிடத்தில் ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும். 20 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் அங்கே நின்றுவிடும்.

அவர் உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து, நாணய அளவுக்குத் தகடு பளபளக்கும்வரை சுரண்டினார். ஒயர் நுனியில் லக் வைத்து அமுக்கினார். போல்ட், பல் வாஷர், நட் போட்டு முறுக்கி, துரு ஏறாமல் இருக்க மேலே கிரீஸ் தடவினார். மீட்டர் இப்போது 0.03 வோல்ட் காட்டியது. நண்பர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். ஸ்பீக்கரில் எதுவும் கேட்கவில்லை. சீட் பெல்ட் போல்ட் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அவர் அதைத் தொடவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன். உயிர் காக்கிற போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர்கள், ஹைபிரிட், மின்சார வண்டிகளின் ஆரஞ்சு ஒயர்கள் ஆகியவற்றின் பக்கம் வீட்டு முயற்சி போகவே கூடாது.

எர்த் நன்றாக இருந்தும் இரைச்சல் தொடர்ந்தால் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவை சில. ஆர்சிஏ ஒயரை உள்வழியிலிருந்து எடுத்து, சீட்டுக்கு மேலாகத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் போனால், அது பவர் ஒயரோடு ஒட்டிக்கொண்டு ஓடியதுதான் காரணம். இரண்டையும் வண்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இழுக்க வேண்டும். ஆர்சிஏவின் மேலுறையை ஒரு துண்டு ஒயரால் ஸ்டீரியோவின் உடம்போடு தொட்டதும் இரைச்சல் அடங்கினால், செட்டுக்குள் இருக்கும் நுண்ணிய எர்த் ஃபியூஸ் எரிந்திருக்கலாம். கரண்ட் இருக்கும்போதே ஆர்சிஏவைச் செருகினால் சில செட்டுகளில் இப்படி ஆகும். எனவே கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுவது நல்லது. மீட்டரை மாறுமின்சார அளவுக்குத் திருப்பி பேட்டரி முனைகளில் வைக்கும்போது அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்நேட்டரின் டயோடு ஒன்று போயிருக்கலாம். அதை எந்த ஃபில்டரும் குணப்படுத்தாது. எப்போதும் ஒரே அளவில் ‘ஸ்ஸ்’ என்று மட்டும் கேட்டால், ஆம்ப்பின் கெயினை வால்யூம் என்று நினைத்து யாரோ கடைசிவரை திருகி வைத்திருப்பார்கள். பவர் ஒயர் வாங்கும்போதும் கவனம் வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர், அதே தடிமன் சுத்தச் செம்போடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும்.

‘டிக் டிக்’ என்று என்ஜினோடு சேர்ந்து விரைந்தால், பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் பார்க்க வேண்டும். இது கார் வானொலியின் முதல் எதிரி. 1930 ஜூனில் பால் கால்வின் என்ற வானொலித் தயாரிப்பாளர் தன் ஸ்டூடிபேக்கர் காரில் வானொலி ஒன்றை மாட்டிக்கொண்டு, அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியில் நடந்த வானொலித் தயாரிப்பாளர் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். அதற்கு முன் அவருடைய ஆட்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது என்ஜினின் மின்பொறிகள் கிளப்பிய கரகரப்புதான். எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து அடக்கினார்கள். மோட்டோரோலா என்ற பெயர் அந்தக் கார் வானொலிக்கு வைத்ததே. மந்தாரக்குப்பத்து இளைஞர் செய்ததும் அந்த முறையைத்தான்.

இடத்தோடு சேர்ந்து வந்து போகிற இரைச்சலும் உண்டு. அதை நெய்வேலியில் அடிக்கடி கேட்கலாம். நம் ஊரிலிருந்து 400, 230 கிலோவோல்ட் கம்பிகள் புறப்பட்டுப் போகின்றன. அவற்றின் கீழே போகும்போது மத்திய அலையில் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸை வைத்திருந்தால் கரகரப்பு எழும்பி, கம்பியைக் கடந்ததும் அடங்கும். அலையின் உயரத்தில் ஒலியைச் சுமக்கும் முறைக்கு இந்தப் பலவீனம் பிறவியிலேயே உண்டு. பண்பலை அதிர்வெண்ணில் ஒலியைச் சுமப்பதால் இதற்கு அவ்வளவு எளிதில் மசியாது. இந்தியாவில் அது முதலில் ஒலித்தது சென்னையில், 1977 ஜூலை 23 அன்று. ஆக, கம்பிக்குக் கீழே மட்டும் கரகரத்தால் உங்கள் காரில் எந்தக் கோளாறும் இல்லை, ஒயரிங்கைப் பிரிக்காதீர்கள்.

பண்பலை எங்கு போனாலும் மெலிந்து கேட்டால் ஆன்டெனாவைப் பாருங்கள். பல கார்களின் கூரை ஆன்டெனாவுக்குள் சிறிய ஆம்ப் ஒன்று இருக்கிறது. புது செட் மாட்டும்போது அதற்குப் போக வேண்டிய கரண்ட்டை இணைக்காமல் விட்டுவிடுவார்கள். புதுச்சேரி, காரைக்கால் என்று தூரத்து நிலையங்களை நம்பியிருக்கும் நமக்கு அந்த ஓர் ஒயர் முக்கியம். அடுத்து போன் சார்ஜர், டேஷ்கேம், புதிதாக மாட்டிய எல்இடி ஹெட்லைட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். போனைச் சார்ஜில் போட்டு ஆக்ஸ் ஒயரிலும் மாட்டினால் மட்டும் இரைச்சல் வருகிறதா? எர்த் இரண்டு பாதையில் சுற்றுகிறது. ப்ளூடூத்துக்கு மாறினால் தீர்ந்துவிடும், செலவில்லாமல்.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மல்டிமீட்டரும் ஒரு துண்டு ஒயரும் போதும். ஆனால் பொறுமையும் நேரமும் வேண்டும். நான் வருத்தத்தோடு சொல்ல விரும்புவது இங்கேதான் இருக்கிறது. நாம் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், பார்த்ததற்குக் கொடுப்பதில்லை. மந்தாரக்குப்பத்து இளைஞர் அன்று செலவழித்த பொருள் ஒரு லக், ஒரு போல்ட், கொஞ்சம் உப்புத்தாள். “இதுக்கு என்ன சார் வாங்குறது?” என்று கூச்சத்தோடு கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் குனிந்து நிமிர்ந்து, ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, சரியான இடத்தில் கை வைத்த அறிவுக்கு விலை கேட்க அவருக்கு நாக்கு வரவில்லை. பார்த்ததற்குக் காசு கிடைக்காது என்றால் கடைக்காரர் டப்பாவைத்தான் விற்பார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

நெய்வேலி பராமரிப்பால் வாழும் ஊர். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் கோளாறு எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்கே மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் இங்கே எத்தனையோ. அந்த மதிப்பைக் கடைத்தெருவில் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் நாம் கொடுக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் செட் இரைந்தால், “ஃபில்டர் என்ன விலை?” என்று ஆரம்பிக்காதீர்கள். “எங்கே கோளாறுன்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி, பாக்குற கூலியைத் தனியாத் தந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். ஃபில்டருக்கு ஆகும் காசு அந்தக் கூலிக்குப் போகட்டும். கோளாறு வேரோடு போகும். கைத்தொழில் தெரிந்த ஒரு பிள்ளை இந்த ஊரிலேயே அந்தத் தொழிலில் நிலைப்பான்.