பெயரை விற்போரும் அன்பை விலையாகக் கொடுப்போரும்



மாலை வகுப்பு முடிந்த வேளையில் மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். “ஹஜ்ரத், அமெரிக்க அதிபர் டிரம்ப் பெரும் கோடீஸ்வரர் அல்லவா? அவர் ஏன் தொப்பியும் காலணியும் பைபிளும் விற்கிறார்?” பேராசை என்று ஒற்றைச் சொல்லில் விடையளித்து அனுப்பிவிட்டோம். பின்னர் சிந்தித்தபோது, அந்த விடை குறையுடையது என்பது புலனாயிற்று. பேராசை என்று சொல்லிவிட்டால் அது பிறருடைய நோயாகிவிடுகிறது. நாம் நம்மைப் பார்க்கும் கடமையிலிருந்து தப்பிவிடுகிறோம்.

முதலில், அவ்வணிகம் இரு வகைப்பட்டது என்பதை அறிய வேண்டும். ஒன்று தேர்தல் பிரசாரக் குழு விற்பது. 2015 முதல் புகழ்பெற்ற சிவப்புத் தொப்பி அத்தகையது. 2023 ஆகஸ்டில் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள சிறை ஒன்றில் டிரம்பை எடுத்த புகைப்படம், ஓரிரு நாள்களுக்குள் பனியனிலும் கோப்பையிலும் அச்சாகி விற்பனைக்கு வந்தது. அதைத் தொடர்ந்த சில நாள்களில் 70 லட்சம் டாலருக்கு மேல் திரண்டதாக அக்குழுவே அறிவித்தது.

அமெரிக்கச் சட்டப்படி, பிரசாரக் குழுவிடம் தொப்பி வாங்குவது தேர்தல் நன்கொடையாகவே கணக்கிடப்படும். தொப்பிக்கு ஈடாக வேட்பாளருக்குக் கிடைப்பதோ பணம் மட்டுமன்று. வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியன குழுவின் பட்டியலில் சேர்கின்றன. மேலும் நன்கொடை கேட்கும் செய்திகள் அவரைத் தேடி வரத் தொடங்குகின்றன. தெருவில் விளம்பரப் பலகை சுமப்பவருக்குக் கூலி கொடுப்பதே உலக வழக்கம். இங்கோ சுமப்பவரே கூலி கொடுத்துச் சுமக்கிறார். அண்டை வீட்டார் காண ஒருமுறை தொப்பி அணிந்தவர், தம் தலைவரின் தவற்றைப் பின்னர் கண்டாலும் அத்தொப்பியைக் கழற்றத் தயங்குவார். வேட்பாளருக்கு அத்தயக்கம் பணத்தினும் பெரிய இலாபம்.

இரண்டாம் வகை, தலைவரின் சொந்தக் கணக்கில் சேர்வது. 2024 பிப்ரவரியில் 399 டாலர் விலையில் தங்க நிறக் காலணி வெளிவந்தது. மார்ச்சில் 59.99 டாலர் விலையுள்ள பைபிளை வாங்குமாறு டிரம்ப் மக்களை அழைத்தார். அமெரிக்க அரசமைப்புச் சட்டமும் அதனுள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் சீனாவின் ஹாங்சோ நகரிலிருந்து ஏறத்தாழ 1,20,000 பிரதிகள் வந்திறங்கியதையும், சுங்க ஆவணங்களில் அவற்றின் மதிப்பு பிரதிக்கு 3 டாலருக்கும் குறைவாக இருந்ததையும் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. இப்பொருள்கள் தேர்தல் பிரசாரத்தைச் சேர்ந்தவை அல்ல என்று விற்பனைத் தளங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. எனினும், அதைப் படித்துப் பார்த்து வாங்குவோர் எத்தனை பேர்?

இவ்வணிகத்தில் அவருக்குத் தொழிற்சாலை வேண்டியதில்லை. சரக்கு தேங்கும் அச்சமும் இல்லை. பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த அனுமதியளித்து, அதற்குரிய கட்டணத்தைப் பெற்றால் போதும். 2024ஆம் ஆண்டுக்கு அவர் அளித்த வருமான அறிக்கையில் பைபிள் வழியாக 13 லட்சம், காலணி மற்றும் நறுமணப் பொருள்கள் வழியாக 25 லட்சம், கைக்கடிகாரங்கள் வழியாக 28 லட்சம் டாலர் என்ற கணக்குகள் உள்ளன. அவருடைய சொத்துக்கு முன் இவை சிறு துளிகளே. உழைப்பும் முதலீடும் வேண்டாத வருவாயை வேண்டாமென ஒதுக்க மனித மனம் இசைவதில்லை.

வாங்குபவர் ஏன் வாங்குகிறார்? அவரை அறிவிலி என்று எள்ளுவது நமக்கு அழகன்று. தம் குரலைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என அவர் நம்புகிறார். அக்கூட்டத்தில் தாமும் ஒருவர் என்று காட்ட விரும்புகிறார். அவர் விலை கொடுப்பது துணிக்கும் தோலுக்கும் அன்று, அந்த உறவுக்கு. அன்பு விலை பேசாது. ஆகவேதான் அன்புடையவரிடம் விற்பது இத்துணை எளிதாகிறது.

நீதியோடு பேச வேண்டுமெனில், ஒபாமாவின் பெயரிலும் பைடனின் பெயரிலும் பனியன்களும் கோப்பைகளும் விற்கப்பட்டதைச் சொல்லாமல் விட இயலாது. அவை தேர்தல் நிதிக்கானவை என்ற வேறுபாடும் உண்டு. வணிகம் ஹலாலானது, திருமறைப் பிரதிகளை அச்சிட்டு நியாயமான ஆதாயத்துடன் விற்கும் கடைகள் நம்மிடமும் உள்ளன. மக்கள் நம்பி ஒப்படைத்த அமானத்தை ஒருவர் தம் சொந்தச் சரக்காக்கிக் கொள்வதே இங்குள்ள குறை.

அபூபக்ர் (ரலி) அவர்கள் துணி வணிகர். கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பின்னரும் துணிகளைத் தோளில் சுமந்து கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள். உமர் (ரலி), அபூஉபைதா (ரலி) ஆகியோர் எதிர்ப்பட்டு, முஸ்லிம்களின் பொறுப்பைச் சுமப்பவர் வணிகத்தில் ஈடுபடலாகாது எனத் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து குடும்பத் தேவைக்குரிய படியை நிர்ணயித்தார்கள் என வரலாறு கூறுகிறது. இதில் நாம் இன்னொரு படிப்பினையும் காண்கிறோம். ஆட்சியாளர் கடை விரித்தால் அவரிடம் பேரம் பேச யார் துணிவார்?

ஜகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்டார்கள். பதவியால் வந்த மதிப்பைப் பணமாக்கும் ஒவ்வொருவரையும் நோக்கிய வினா அது.

அவ்வினா நம்மையும் ஒருமுறை நோக்கியது. சில ஆண்டுகளுக்கு முன், ரமளானுக்குச் சற்று முன்னர் பேரீச்சம்பழ வணிகர் ஒருவர் வந்தார். பொட்டலத்தின் மீது நம் பெயரையும் படத்தையும் அச்சிட இசைந்தால், பொட்டலத்துக்கு இவ்வளவு எனத் தருவதாகக் கூறினார். பழம் தரமானது; விலையும் மிகையன்று. மகளின் கல்விக் கட்டணம் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள்கள் விடை சொல்லாமல் இருந்தோம். பிள்ளைகளை நம்மிடம் ஒப்படைத்த பெற்றோர், கடையில் அப்பொட்டலத்தைக் கண்டால் மறுக்க இயலாமல் வாங்குவர் என்பது நமக்கு நன்கு தெரியும். வணிகருக்கும் அது தெரிந்தே இருந்தது. மூன்றாம் நாள் மறுத்துவிட்டோம். அந்த இரண்டு நாள் மௌனம் இன்றும் நமக்கு வெட்கத்தைத் தருகிறது.

ஆகவே, பெற்றோர்களே! தலைவரோ ஆலிமோ தம் முகம் பதித்த பொருளொன்றை உங்கள் பிள்ளை ஆசையோடு கேட்டால், திட்டி அடக்காதீர்கள். “இந்தப் பெயர் இல்லாவிட்டாலும் இதை இந்த விலைக்கு வாங்குவாயா?” என்று கேளுங்கள், விடையை அப்பிள்ளையே தேடட்டும்.

மாணவருக்கு நாம் தர வேண்டிய விடை இன்னும் கடனாகவே நிற்கிறது. அடுத்த வகுப்பில் பேரீச்சம்பழக் கதையையும் சேர்த்தே அதைச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ். பிறர் நம்மீது வைத்த அன்பை அமானத்தாகக் காக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.