வயிற்றைச் சுருக்கியாச்சு, பிரியாணியை என்ன செய்வது?

"டாக்டர், ஆபரேஷன் பண்ணிட்டா இனிமே வாழ்க்கையில பிரியாணியே கிடையாதா?"

உடல் எடை குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிப் பேச வருபவர்கள் செலவு எவ்வளவு, எத்தனை நாள் லீவு என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நம்ம ஊரில் சந்தோஷம், துக்கம், பிறந்தநாள், பதவி உயர்வு எல்லாமே ஒரு ஹோட்டல் மேசையில்தான் முடிகிறது. அந்த மேசையிலிருந்தே ஒருவரை எழுப்பி விடும் சிகிச்சை என்றால் யார்தான் பயப்பட மாட்டார்கள்?

என் பதில்: பிரியாணி உண்டு. அளவு மட்டும்தான் பழைய அளவு கிடையாது.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று முதலில் புரிஞ்சுக்கோங்க. ஸ்லீவ் எனப்படும் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிச்சம் இருப்பது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். ஆரம்பத்தில் 100 முதல் 150 மில்லி, அதாவது ஒரு காபி டம்ளர் அளவுதான் பிடிக்கும். பைபாஸ் முறையில் இன்னும் சின்னது, சுமார் 30 மில்லி பை. அது நேராகச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது ஸ்லீவில் வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான். அதனால் முதல் சில மாதங்கள் பலருக்குப் பசியே தெரியாது. ஆனா நாக்குக்கு யாரும் ஆபரேஷன் பண்ணலையே! ஆசை அப்படியேதான் இருக்கும்.

முதல் இரண்டு மாதம் ஹோட்டல் பக்கமே வேண்டாம். நீர் உணவு, கூழ், குழைந்த உணவு என்று படிப்படியாகப் போகும் காலம் அது. தையல் ஆற வேண்டும். இதில் பேரமே கிடையாது.

அதற்கப்புறம் உங்கள் சர்ஜன் சரி என்று சொன்னதும் போங்க. தாராளமா போங்க.

எதை ஆர்டர் பண்ணுவது? இங்கேதான் பலர் தப்பா நினைக்கிறாங்க. எண்ணெய், மசாலாதான் எதிரி என்று நினைத்து, "ரெண்டே ரெண்டு பரோட்டா, சால்னா இல்லாம" என்று கேட்பார்கள். உண்மையில் அந்தக் குறுகிய வயிற்றுக்குப் பரோட்டாவைப் போல் தொல்லை கொடுப்பது வேறில்லை. மைதா மென்றாலும் பிசைந்த மாவாகவே உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். பரோட்டாவைக் கடைசியாகத் திரும்பக் கொண்டு வாங்க, அதுவும் கால்வாசி, சால்னாவில் ஊறப்போட்டு. முறுகலான தோசை பலருக்குச் சுலபமாக இறங்கும். சாம்பாரில் ஊறிய ஒரு இட்லி நல்லது. மீன் குழம்பில் கிடக்கும் மீன் துண்டு அதைவிட நல்லது. ஈரோடு, கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டை கலக்கி இருக்கவே இருக்கு, கொஞ்சம் நல்லா வேகவைக்கச் சொல்லிச் சாப்பிடுங்க. தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், அதனால் தட்டில் முதலில் கறி, மீன், முட்டை, பனீர். சாதம் அப்புறம்.

பிரியாணியும் அதே கணக்குதான். முதலில் பீஸ். காய்ந்துபோன நெஞ்சுக்கறி வேண்டாம், மசாலாவோடு வெந்த தொடைக்கறி. ஆட்டுக்கறி நன்றாக வெந்திருந்தால் மட்டும். அப்புறம் நாலு ஸ்பூன் சாதம், தயிர் பச்சடியோடு. நிதானமா, கூழாகும் வரை மென்று. சாப்பிடும்போது தண்ணீரும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். தண்ணீர் அரை மணி நேரம் கழித்து.

போதும் என்பதை அந்த வயிறு சொல்லும். பழைய மாதிரி ஏப்பம் விட்டுச் சொல்லாது. சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு மூக்கில் தண்ணீர் ஒழுகும், சிலருக்கு நெஞ்சுக்குழியில் அழுத்தும். அடுத்த வாயை அங்கேயே நிறுத்தணும்.

நிறுத்துவதுதான் நமக்குக் கஷ்டம். "இலையில மிச்சம் வைக்காதே" என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். காசு கொடுத்த சோறு, அன்னத்தை வீணாக்கினால் பாவம் என்று கடைசி ரெண்டு வாயைத் தள்ளுகிறோம், அந்த ரெண்டு வாய்தான் வாந்தியாக வெளியே வருகிறது. என்னைக் கேட்டால், ஆபரேஷனுக்குப் பிறகு கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வாக்கியம் "அண்ணே, மீதியைப் பார்சல் கட்டிடுங்க" என்பதுதான். நம்ம ஊர் ஹோட்டல்களில் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. அன்லிமிடெட் பஃபே மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே பார்சலும் கிடையாது, கொடுத்த காசுக்குச் சாப்பிடணும்கிற நினைப்பும் விடாது.

இப்போ உண்மையான ஆபத்துக்கு வருவோம். ஜிகர்தண்டா, மில்க் ஷேக், ஐஸ்க்ரீம், குலாப் ஜாமூன் ஜீரா. இவை எந்த வயிற்றிலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். சர்க்கரை வேகமாகச் சிறுகுடலில் இறங்கினால் அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு. இதை டம்பிங் என்கிறோம். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்த சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும். டம்பிங் வராதவர்களுக்கு வேறு சிக்கல்: ஒன்றும் செய்யாததால் தினமும் குடிப்பார்கள், எடை திரும்ப ஏறும். மாதம் இரண்டு தடவை சாப்பிடும் பிரியாணியைவிட, டீயோடு தினமும் உள்ளே போகும் மிக்சரும் பிஸ்கட்டும்தான் எனக்குப் பயம். ஹோட்டலையே விலக்கி வைத்தவர்கள்தான் வீட்டில் இப்படிக் கொறிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

மதுவும் அப்படித்தான். குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு சீக்கிரம் ஏறும், அடிமையாகும் வாய்ப்பும் கூடும். பார்ட்டி என்றாலும் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "என்னம்மா, கோழி கொத்துற மாதிரி சாப்பிடுற, இன்னும் ஒரு கரண்டி வெச்சுக்கோ" என்று பந்தியில் வற்புறுத்தாதீங்க. ஆபரேஷன் செய்ததையே சொந்தக்காரர்களிடம் மறைப்பவர்கள் நிறைய, குறிப்பாகப் பெண்கள். "சோம்பேறித்தனமா வெட்டிக்கிட்டா" என்ற பேச்சுக்குப் பயந்து. மறைப்பதால் அந்த ஒரு கரண்டியை மறுக்கவும் முடியாது, சாப்பிட்டுவிட்டுக் கழுவுமிடத்தில் போய் வாந்தி எடுப்பார்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் "வயித்துப் புண், டாக்டர் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொன்னார்" என்று என் மேல் பழியைப் போடுங்க. பரவாயில்லை.

கடைசியாக ஒன்று, இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. எப்போதாவது அவசரமாக விழுங்கி வாந்தி வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் தண்ணீர்கூட இறங்கவில்லை, ஒரு நாளைத் தாண்டியும் வாந்தி நிற்கவில்லை என்றால் வீட்டில் இருக்காதீங்க, உங்கள் சர்ஜனைப் பாருங்க. தொடர் வாந்தியில் வைட்டமின் பி1 குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். பக்கத்து கிளினிக்கில் ட்ரிப் போடப் போனாலும், "எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு, குளுக்கோஸுக்கு முன்னாடி தயமின் போடுங்க" என்று வாயைத் திறந்து சொல்லுங்க.