ஸ்பைடர்மேனும் சனிக்கிழமை டியூஷனும்

போன சனிக்கிழமை இரவு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா, நான், என் மகன். பெரிய திரையில் இங்கிலாந்து லீக் ஆட்டம். பக்கத்து மேசையில் நான்கு சீன இளைஞர்கள், பின்னால் ஒரு மலாய்க் குடும்பம். கோல் விழுந்தால் எல்லா மேசையும் சேர்ந்து கத்துகிறது. ரொட்டி சானாய் போடுகிறவர்கூட மாவை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்.

மகனுக்கு வயது பதினொன்று. இரண்டு அணி ஆட்டக்காரர்களின் பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அப்பா தே தாரேக்கை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்:

“ஆறுமுகத்தைத் தெரியுமாடா?”

“யாரு தாத்தா, கார் கழுவுற அங்கிளா?”

அப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

செலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலராக நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள். எந்த மூலைக்குப் பந்து போனாலும் கை போய்விடும். அதனால்தான் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர். 1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, மெர்டேக்கா அரங்கம். தென் கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. கோலில் ஆறுமுகம், தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங், முன்னால் சபாவிலிருந்து வந்த ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும். பெயர்களைக் கேட்டால் அந்த மாமாக் கடை மேசைகளை எண்ணியது மாதிரி இருக்கிறது.

அன்று அப்பா கிள்ளானிலிருந்து பஸ் ஏறிப் போயிருக்கிறார். பாட்டியிடம் சொன்னது, கூட்டாளி வீட்டுக் கல்யாணம் என்று. இரவு தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பியபோது பாட்டி கேட்டாராம்: “எந்தக் கல்யாணத்துலடா இப்படிக் கத்துனே?”

வென்ற அணி மாஸ்கோ போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அதில் ஒன்று. நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1988 டிசம்பரில், ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்துபோனார். வயது 35. 2016இல் வந்த ‘ஓலா போலா’ படத்தில் முத்து என்ற கோல் காவலரைப் பார்த்து அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

மகன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “நானும் கோல் கீப்பர்தான் தாத்தா. சனிக்கிழமை டிரெய்னிங்குக்கு வரச் சொன்னாங்க. அப்பாதான் டியூஷன்னு சொல்லிட்டாரு.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

தேசிய அணியில் நம் பிள்ளைகள் அதிகம் இல்லையே என்று காப்பிக் கடையில் ஆதங்கப்படுகிறவன்தான் நான். அதே நான், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மகனைக் கணித வகுப்பில் இறக்கிவிடுகிறேன். அங்கே வாசலில் நம்மவர்களின் கார்கள் இரண்டு வரிசையில் நிற்கும். எதிரே இருக்கும் திடலில் யாரும் இருக்க மாட்டார்கள்.

டியூஷனைக் குறை சொல்லவில்லை. தோட்டத்திலிருந்து நம்மைத் தூக்கிவிட்டது படிப்புதான். அது தெரிந்ததால்தான் பயமும் வருகிறது. ஆனால் அன்று இரவு என் மகனின் வாரத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பள்ளி, சமய வகுப்பு, மூன்று டியூஷன், பியானோ. அவன் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொள்ள ஒரு மணி நேரம்கூட இல்லை. என் வாரத்தையாவது முதலாளி எழுதுகிறார். அவனுடையதை எழுதியது நான்.

திங்கட்கிழமை டியூஷன் ஆசிரியைக்குப் போன் போட்டேன். வியாழன் மாலை வகுப்பில் இடமில்லை, காத்திருப்புப் பட்டியலில் போடுகிறேன் என்றார். அதுவரை? வருகிற சனிக்கிழமை திடலுக்குத்தான் போகிறோம். தாத்தாவும் வருகிறாராம். கையுறை வாங்கியாகிவிட்டது.

மனைவியிடம்தான் இன்னும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் இந்தப் பக்கத்தைத் திறப்பது அவர்தான்.