அக்கம்பக்கத்துப் பாத்திரங்கள்





ஜூன் மாதம் பிறந்தாலே நடுத்தரக் குடும்பங்களில் பேச்சு குறைந்துவிடுகிறது. பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம், வேன் வாடகை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கின்றன. கழுத்துச் சங்கிலி மே மாதக் கடைசியிலேயே அடகுக் கடைக்குப் போயிருக்கும். மகளிர் குழுக் கடனின் வாரத் தவணையும் வண்டிக் கடனின் மாதத் தவணையும் எதற்கும் காத்திருப்பதில்லை.

நமது பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் ஜெப விண்ணப்பங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். நோய்க்காக ஜெபம் கேட்கிறவர்கள் பெயர், ஊர், ஆஸ்பத்திரி வார்டு வரைக்கும் எழுதுகிறார்கள். கடனுக்காகக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பெயர் போடுவதில்லை. போட்டாலும், ‘சபையில் யாருக்கும் தெரியாது, வெளியிட வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

கடன்பட்டவர் விசுவாசத்தில் குறைந்தவர் என்கிற எண்ணம் நம் சபைகளில் எப்படியோ புகுந்துவிட்டது. புது வீடு, புது கார், வெளிநாட்டு வேலை என்று சாட்சி கேட்டே பழகிவிட்டோம். கடை நொடித்துப்போனவரும், சம்பளம் நின்றுபோனவரும் சாட்சி சொல்லும் மைக்கின் முன்னால் வந்து நிற்பதில்லை. வேதம் அவர்களை அப்படி ஒதுக்கவில்லை. 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எலிசாவிடம் வந்து அழுத விதவை, தீர்க்கதரிசிகளின் கூட்டத்தில் ஒருவராய் இருந்தவரின் மனைவி. கணவர் கர்த்தருக்குப் பயந்து நடந்தவர் என்று அவளே சொல்கிறாள். அப்படிப்பட்ட வீட்டில்தான் கடன் இருந்தது. கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போக வந்துவிட்டான். பக்தியுள்ள வீட்டுக்குக் கடன் வராது என்று யாராவது சொன்னால், இந்த வீட்டைக் காட்டுங்கள்.

அந்தத் தாய் செய்த முதல் காரியம், வாய் திறந்து சொன்னது. எலிசா முதலில் கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்று. ஒரு குடம் எண்ணெய் தவிர ஒன்றுமில்லை. அடுத்து அவர் சொன்னதை நாம் வேகமாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் போய் வெறும் பாத்திரங்கள் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே என்றார். தன் நிலைமை தெருவுக்கே தெரியும்படி அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கதவைப் பூட்டிக்கொண்டு, அந்தக் குடத்து எண்ணெயை அவற்றில் வார்த்தது அதற்குப் பிறகுதான். வார்க்க வார்க்க எல்லாப் பாத்திரங்களும் நிரம்பின. அடுத்த வீட்டுப் பாத்திரத்தில்தான் அற்புதம் நடந்தது. பாத்திரங்கள் தீர்ந்தபோது எண்ணெயும் நின்றுபோனது.

முடிவையும் பாருங்கள். கடன் மாயமாய் மறையவில்லை. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டு, மீதியில் பிள்ளைகளோடு பிழைத்துக்கொள் என்பதே எலிசாவின் சொல். அழுதாள், கேட்டாள், வார்த்தாள், விற்றாள், அடைத்தாள். இத்தனையும் சேர்ந்ததுதான் அவளுடைய விசுவாசம்.

பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தின் 13ஆம், 19ஆம் வசனங்கள் தொங்காத கிறிஸ்தவ வீடு நம்மிடையே குறைவு. காலண்டரில், வாக்குத்தத்த அட்டையில், ஆட்டோவின் பின்கண்ணாடியில் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இருப்பதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. நிறைவிலும் குறைவிலும் வாழக் கற்றேன் என்று எழுதிய அதே பவுல், சிறையில் தான் பட்ட நெருக்கத்தில் பங்கெடுத்த பிலிப்பி சபையாரை உடனே பாராட்டுகிறார். எப்பாப்பிரோதீத்துவின் கையில் அவர்கள் அனுப்பிய உதவி வந்து சேர்ந்ததை எழுதி ஒப்புக்கொள்கிறார். தேவனே போதும் என்றவருக்கும் சகோதரரின் கைமூலமாகத்தான் தேவன் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ள பவுல் வெட்கப்படவில்லை.

‘ஜார்ஜ் முல்லர் யாரிடமும் கேட்காமல் ஜெபத்தால் மட்டும் அநாதை இல்லம் நடத்தினாரே?’ என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் தொடங்கி, 1898இல் மறையும் வரை அவர் மனிதரிடம் பணம் கேட்கவில்லை. ஆனால் வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி, ஆண்டுதோறும் அறிக்கையாக அச்சிட்டார் என்பதை நம் பிரசங்கங்கள் சொல்வதில்லை. கையில் பணம் வராமல் கடனுக்கு வாங்கிச் செலவு செய்வதுமில்லை என்று உறுதியாயிருந்தார். அவருடைய ஜெப அறையைப் பற்றிப் பேசுகிற நாம், கணக்குப் புத்தகத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

நெருக்கத்தில் இருக்கிற சகோதர சகோதரிகளுக்கு, மூத்த சகோதரனாகச் சில வார்த்தைகள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை நடுவில் வைத்து ஜெபியுங்கள். ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு இன்னொன்று வாங்காதீர்கள். தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டிக்காரர் மிரட்டினால் பயந்து ஓட வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம்.

கடன் தீர வேண்டுமானால் இவ்வளவு காணிக்கை விதை என்று யாராவது கேட்டால், கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். இல்லாததின்படி அல்லாமல், இருக்கிறதின்படியே கொடுப்பதைத் தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்று பவுல் கொரிந்து சபைக்குத் தெளிவாக எழுதியிருக்கிறார். பசித்த பிள்ளையின் சாப்பாட்டைப் பிடுங்கித் தன் பெட்டியை நிரப்பும்படி கர்த்தர் கேட்பதில்லை.

உயிரே பாரம் என்று தோன்றுகிற இரவுகளில் தனியாக இருக்க வேண்டாம். போதகரை எழுப்புங்கள், நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிடுங்கள், 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணில் பேசுங்கள். எந்தக் கடனும் உங்கள் உயிரைவிடப் பெரியதல்ல.

இனி, கடன் இல்லாத நமக்கு. நெகேமியா 5ஆம் அதிகாரத்தில் வயலையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்கிய ஜனமும், அவர்களிடம் வட்டி வாங்கிய பிரபுக்களும் ஒரே எருசலேமில், ஒரே மதில் வேலைக்கு உரியவர்கள். நெகேமியா கோபங்கொண்டு சபையைக் கூட்டி, வாங்கியதை அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். நம் ஆராதனையிலும் வட்டிக்கு விடுகிறவர் ஒரு பெஞ்சில், அவருக்குப் பயந்து கடைசி பெஞ்சில் ஒளிகிறவர் இன்னொரு பெஞ்சில் இருக்கக்கூடும். இதைக் கண்டும் காணாததுபோல இருக்கிற சபை, கடன் பாரம் நீங்க உபவாச ஜெபம் நடத்துவதில் பொருளில்லை.

நம் முன்னோர் இதைவிடத் தெளிவாக இருந்தார்கள். 1830இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் திருநெல்வேலியில் தொடங்கிய தர்ம சங்கம், விசுவாசத்தினிமித்தம் துரத்தப்பட்டவர்கள் குடியிருக்க நிலம் வாங்கிக் கொடுத்தது. சோறு பொங்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுத்தவர்கள் நம் பாட்டிமார். வசதியானவர்கள் மட்டுமல்ல, பனையேறிகளின் வீட்டுப் பெண்களும் அதில் உண்டு.

ஆகவே இந்த மாதம் உங்கள் சபையில் ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத ஒரு வீட்டைப் போதகர் மூலமாக அறிந்து, பெயர் வெளியே தெரியாமல், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து அந்தத் தொகையைக் கட்டிவிடுங்கள். ஜெப விண்ணப்பம் எழுதுகிறவர்களே, நீங்கள் சபையில் ஒருவரிடமாவது மனம் திறந்து சொல்லிவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். நாங்கள் நிச்சயம் ஜெபிக்கிறோம். ஆனால் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி உதவ, உங்கள் தெருவில் இருக்கிறவருக்குத்தான் முடியும்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆசிரியர்